கழுவ மறந்த குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

நெஞ்சுவலி உள்ளவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன மாத்திரை வைத்திருப்பார்கள். வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்டால், 1978-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஆய்வகத்தில் நடந்த தவறிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன்.

அந்த ஆய்வகம் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் விஞ்ஞானியுடையது. முயலின் பெருந்தமனியைப் பட்டையாக நறுக்கி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, எந்த மருந்துக்குச் சுருங்குகிறது, எதற்குத் தளர்கிறது என்று பார்த்துவந்தார். அதில் ஒரு பழைய முரண்பாடு இருந்தது. உயிரோடு இருக்கும் விலங்குக்கு அசிட்டைல்கோலின் என்ற மருந்தை ஊசி போட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். அதாவது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவருடைய பட்டைகளோ அதே மருந்துக்குச் சுருங்கின. 1953-லேயே அதை எழுதியும்விட்டார். அப்புறம் 25 வருடம் அது அப்படியே கிடந்தது.

1978 மே மாதம் ஒரு நாள், குழாயைச் சுருக்க நார்அட்ரினலின் விட்ட உதவியாளர், அதைக் கழுவாமலே அடுத்த மருந்தை விட்டுவிட்டார். அது கார்பகோல், அசிட்டைல்கோலினுக்குப் பங்காளி. இன்னும் சுருங்க வேண்டிய குழாய் தளர்ந்தது! வேறொருவராக இருந்தால் உதவியாளரைக் கடிந்துகொண்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். ஃபர்ச்காட் காரணம் தேடினார். இந்த முறை பயன்படுத்தியது பட்டை இல்லை, வளையம். பட்டையாக நறுக்கும்போதெல்லாம் குழாயின் உட்பக்கம் விரலிலோ வேறெதிலோ உரசி, அங்கிருந்த மெல்லிய படலம் உரிந்துபோயிருக்கிறது. விடையைத் தன் கையாலேயே இத்தனை வருடம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

அந்தப் படலத்துக்கு எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஓர் அடுக்கு செல்கள், அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, ரத்தம் ஒட்டாமல் ஓட இயற்கை பூசிய பூச்சு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஃபர்ச்காட் ஒரு வேலை செய்தார். படலம் உரிந்த ஒரு துண்டையும் படலம் உள்ள ஒரு துண்டையும் உட்பக்கம் உட்பக்கமாகச் சேர்த்து, சாண்ட்விச் மாதிரி வைத்தார். இப்போது அசிட்டைல்கோலின் விட்டதும் உரிந்த துண்டும் தளர்ந்தது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்துத் தசைக்குப் போய், ‘விடு’ என்று சொல்கிறது. 1980-இல் இதை வெளியிட்டார்.

அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடு. வாகனப் புகையில் வருகிறதே, அதே வாயுதான். உடம்பில் சில விநாடிகளுக்கு மேல் நிலைக்காது. ஆனால் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்த அது போதும். இதற்காக 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. செல்கள் இந்த வாயுவை வெளியிடுவதை 1987-இல் அளந்து காட்டிய மொன்காடாவை விட்டுவிட்டது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். அந்த வகையின் மூத்த மருந்து நைட்ரோகிளிசரின். ஆல்பிரட் நோபல் டைனமைட் செய்தது இதை வைத்துத்தான். 1896-இல் அவருடைய இதயக் கோளாறுக்கு வைத்தியர்கள் அதையே எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டைப் பார் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். நாக்கடி மாத்திரை தசைக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடு தருகிறது. படலம் செய்ய வேண்டிய வேலையை மாத்திரை செய்கிறது.

படலம் ஏன் செய்வதில்லை? புகை, சர்க்கரை, கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் எல்லாம் அதைக் கெடுக்கின்றன. 1986-இல் நோயாளிகளின் இதயத் தமனிக்குள்ளேயே அசிட்டைல்கோலின் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனி விரிந்தது; கொழுப்பு படிந்த தமனி சுருங்கியது. ஃபர்ச்காட் உரசி உரித்த பட்டையைப் போலவே.

வேகமாக நடக்கும்போது குழாயில் ரத்தம் விரைந்து உரசி ஓடுகிறது. அந்த உரசலை உணர்ந்துதான் படலம் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் விடுகிறது. நாளை காலை நடக்கப் போகிறவர்கள் கை வீசி, கொஞ்சம் எட்டி நடையுங்கள். வணக்கம்.