கிரேடு 3: நவம்பரில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வணக்கம் நேயர்களே.

பள்ளிகள் திறந்துவிட்டன. புத்தகங்களுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பையில் அடுக்கி அனுப்பியிருப்பீர்கள். இந்த ஜனவரி மாதத்தில் பெற்றோர் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "மிஸ், இந்த வருஷம் பாடம் கஷ்டமா?" என்பதுதான். கஷ்டமா சுலபமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: நவம்பரில் பள்ளி மூடும்போது என் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? தமிழாசிரியையாகப் பல காலம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன். ஆறு வகுப்புகளையும் பேச நேரம் போதாது. மூன்றாம் வகுப்பை, கிரேடு 3-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் மூன்றாம் வகுப்பு? நம் மொரிஷியஸ் நாட்டுக் கல்வி விதிகள் 1957இல் எழுதப்பட்டபோதே ஒரு கோடு போட்டுவிட்டார்கள். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைக்கு எந்த மொழி பொருந்துமோ அந்த மொழியில் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கலாம். நான்காம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம். நடைமுறையில் நான்காம் வகுப்பிலும் ஆசிரியர் நம் வீட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் விளக்கத்தான் செய்வார், அது நல்லதும்கூட. ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வித்தாளும் ஆங்கிலத்தில் இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிவிலேயே அறிவியலும் வரலாறு-புவியியலும், தொடக்கப் பள்ளிப் படிப்பை முடிக்க எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வின் பகுதியாக வந்து நிற்கும். எரிமலையைப் பற்றியோ வேர்களைப் பற்றியோ கேள்வி வரும்போது பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கலாம், கேள்வியைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டு வரும். ஆகவே வாசிப்பு கைக்கு வந்துவிட வேண்டிய ஆண்டு மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்பே வந்தால் சந்தோஷம். அதற்குப் பின் என்றால் மற்ற எல்லாப் பாடமும் பின்தங்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளை தானாகவே அடுத்த வகுப்புக்குப் போய்விடும். பிள்ளை மனம் உடையாமல் இருக்க அது உதவுகிறது. அதே சமயம், மூன்றில் கற்காததைச் சுமந்துகொண்டு நான்குக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் ஏறிவிடும். ஆறாம் வகுப்பில் பி.எஸ்.ஏ.சி. தாள் முன்னால் உட்காரும்போதுதான் வீட்டில் பதறுகிறோம். அந்தத் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்காக 2018இல் இடைநிலைப் பள்ளியில் நான்காண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வகுப்புகளுக்குப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அடிப்படைக் குறை பதினொரு வயதில் வந்ததல்ல, எட்டு வயதில் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வாசிப்பு என்று எதைச் சொல்கிறேன்? புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பதை அல்ல. மூன்றாம் வகுப்பில் இது நிறைய நடக்கும். ஆசிரியர் நான்கு முறை உரக்கப் படித்த பாடத்தைப் பிள்ளை காதால் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் அதைத் தங்குதடையின்றிச் சொல்லும், அம்மாவுக்கும் பூரிப்பாக இருக்கும். அந்தப் பக்கத்தில் நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "இதை மட்டும் படி" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் முதல் வரிக்குப் போய் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தைச் சேரும். அப்படிச் செய்தால் பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முடிவில் பிள்ளையால் முடிய வேண்டியது இதுதான்: முன்பு பார்க்காத ஒரு சிறு பத்தியை, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, தானே படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். கிரியோலில் சொல்லட்டும். தாராளமாகச் சொல்லட்டும். நம் வீடுகளில் பேச்சு கிரியோல்தான், அதை மறைத்துப் பயனில்லை. "கிரியோல் பேசாதே, இங்கிலீஷில் சொல்" என்று அதட்டினால் பிள்ளைக்குப் புரிந்ததா புரியவில்லையா என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். 2012இலிருந்து கிரியோல் மொரிஷியனே தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக இருக்கிறது. புரிந்ததைச் சொல்ல வீட்டு மொழியைப் பயன்படுத்துவதால் ஆங்கிலம் கெட்டுப்போகாது.

கணக்குக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு உண்டு, கடிகாரம் பார்ப்பது உண்டு, அளவைகள் உண்டு, அரை, கால் உண்டு. இவை எல்லாம் பழகப் பழக வந்துவிடும். நான் கவலைப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. ஒரு தாளை எடுத்து 403-இலிருந்து 167-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 236. ஆனால் பல பிள்ளைகள் 364 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள். பிள்ளை ஒழுங்காக யோசித்துத்தான் அப்படி எழுதியிருக்கிறது. மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது, ஆகவே ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு. பூஜ்யத்திலிருந்து ஆறு போகாது, ஆகவே ஆறிலிருந்து பூஜ்யத்தைக் கழித்து ஆறு. நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு 403 என்பது நான்கு, பூஜ்யம், மூன்று என்ற மூன்று தனி இலக்கங்கள். நானூற்று மூன்று என்ற ஒரே எண்ணாக அது இன்னும் மனதில் உட்காரவில்லை.

இதற்கு டியூஷன் வேண்டாம். உங்கள் பர்ஸ் போதும். நான்கு நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் மேசையில் வையுங்கள். 167 ரூபாய் கொடு என்று கேளுங்கள். ஏழு ரூபாய் கொடுக்கக் காசு இல்லை, பத்து ரூபாய்க் காசும் இல்லை. பிள்ளை திகைக்கும். திகைக்கட்டும், அவசரப்பட்டு உதவிக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் "நோட்டை மாத்தணும்" என்று அதுவே சொல்லும். ஒரு நூறை வாங்கிக்கொண்டு பத்து ரூபாய்க் காசு பத்து கொடுங்கள். பிறகு அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு பத்து ஒரு ரூபாய்க் காசு கொடுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணினால் இரண்டு நூறு, மூன்று பத்து, ஆறு ஒன்று. தாளில் மேலே சின்னதாக எழுதிக் கடன் வாங்குகிறோமே, அது இந்தச் சில்லறை மாற்றும் வேலைதான் என்று அந்த மேசையில் விளங்கியதும் பிள்ளையின் முகம் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அந்த நூறு ரூபாய் நோட்டை உடனே பர்ஸில் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் படம் நம் நாட்டு அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் அவர்களுடையது, நம் தமிழர். அவர் யாரென்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதே நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அதைப் பிள்ளை படிக்குமா என்று பாருங்கள்.

இனி தமிழ். தமிழ்ப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்தி படிப்பவர்கள் ஓர் அறைக்கு, தெலுங்கோ மராத்தியோ உருதுவோ படிப்பவர்கள் வேறு அறைக்கு, தமிழ்ப் பிள்ளைகள் நம்மிடம். புத்தகம் மொக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரித்தது. தமிழுக்கு மொத்தம் 247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவை சேர்ந்து வருபவை. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் இந்தச் சேர்க்கை பிள்ளைக்குப் பழகிவிட வேண்டும் என்பது என் அளவுகோல்.

இதில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ககரம் பின்னால் வருகிறது. ஆனால் வாயில் ககரம் முதலில், எகரம் பின்னால். ஆங்கிலமும் பிரெஞ்சும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய குழப்பம். 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி. பிள்ளை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும். வீட்டில் தமிழ் காதில் விழுந்தால் வார்த்தையை ஊகித்துத் தாண்டிவிடலாம், நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மெய்யெழுத்தை முதலில் விரலால் தொடச் சொல்லி, பிறகு கொம்புக்கு விரலைக் கொண்டுவரச் செய்வேன். தொட்டுத் தொட்டுப் படித்த பிள்ளைக்கு இரண்டாம் பருவத்தில் விரலே தேவைப்படாது.

தைப்பூசக் காவடி வருகிறது. விரதம் இருக்கும் வீடுகளில் பிள்ளைகளும் பாட்டுப் பாடுவார்கள். சில இடங்களில் பாட்டை ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், பெரியவர்களுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் தமிழ் எழுத்தில் இருக்கும் தாளைக் கொடுங்கள். மெட்டு ஏற்கெனவே தெரியும், சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. தெரிந்த ஒலியை எழுத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுபோல் நல்ல பயிற்சி பாடப்புத்தகத்தில்கூடக் கிடைப்பதில்லை. தாத்தாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருந்தால் அவர் பக்கத்தில் உட்காரட்டும். தெரியாவிட்டால் பேரப்பிள்ளை அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து அழகாக இல்லை என்று இந்த வயதில் அழவைக்காதீர்கள். படம் வரைவது, பாடுவது, ஓடுவது, தோட்டம் போடுவது எல்லாம் வீணான நேரம் என்று பழைய சி.பி.இ. தேர்வுக் காலத்தில் படித்த பெற்றோர் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். சி.பி.இ. போய் 2017இல் பி.எஸ்.ஏ.சி. வந்தது, ஆனால் அந்தப் பயம் மட்டும் வீடுகளை விட்டுப் போகவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் எத்தனை பக்கம் முடிந்தது என்று எண்ணுவதும் அந்தப் பயத்தின் மிச்சம்தான். பக்கம் முடிந்திருக்கும், பாடம் மனதில் ஏறியிருக்காது.

எப்போது ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது? பலர் நவம்பரில் வருகிறார்கள், ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்போது நாங்கள் என்ன செய்ய முடியும்? முதல் பருவம் முடிவதற்குள் வாருங்கள். புயல் எச்சரிக்கை வந்து பள்ளி மூடிய நாள்களில் நழுவிய பாடமும் அதற்குள் தெரிந்துவிடும். வந்ததும் "என் பிள்ளை எப்படி?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "நல்ல பிள்ளை, கொஞ்சம் பேசும்" என்ற பதில்தான் கிடைக்கும். "பார்க்காத பத்தியைத் தானே படிக்கிறதா? சில்லறை மாற்றிக் கழிக்கிறதா? தமிழில் கொம்பு வந்தால் நிற்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வீட்டில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். ஏப்ரலில் குறித்தால் நவம்பருக்கு இன்னும் இரண்டு முழுப் பருவம் இருக்கிறது.

வணக்கம்.