மங்குக் கம்பி தின்ற செயின்

வணக்கம், வணக்கம். அடுப்படி அக்கா, மலேசியா சுங்கை சிப்புட்டிலிருந்து. முதலில் என் விரலைப் பாருங்கள். மருதாணி இல்லை. பால் மரத்துப் பாலும், அதாவது ரப்பர் பாலும், மரம் வெட்டும் இயந்திர ரம்பத்தின் செயின் எண்ணெயும் சேர்ந்து பிடித்த கறை. மூன்று நாளாகத் தேய்க்கிறேன், மண்ணெண்ணெய்கூடப் போட்டேன், பாதிதான் போயிருக்கிறது. இந்தக் கையோடு நேற்றுக் கோயிலுக்குப் போனால் ஐயர் திருநீற்றை மேலேயிருந்து போடுகிறார், என் கை படாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஓடையை அகலப்படுத்துகிறார்கள் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? கரையோரம் ஆளில்லாமல் கிடந்த பழைய பால் மரங்களையெல்லாம் பேக்கோ, அதுதான் மண் தோண்டும் இயந்திரம், வைத்துச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தைப்பொங்கல் வருகிறது. என் வீட்டில் பொங்கல் விறகில்தான் பொங்கும். அது உங்களுக்குத் தெரியும், திருப்பிச் சொல்லப் போவதில்லை.

சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தம்பி கமெண்டில் கேட்டிருக்கிறார்: “அக்கா, 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசுதான், எதற்கு இந்தப் பாடு?” தம்பி, கேஸில் பொங்கினால் பானையின் அடி மட்டும்தான் சூடு. விறகில் பானையைச் சுற்றித் தீ நாக்கு ஏறும், பால் விளிம்பு வரைக்கும் ஒரே சமயத்தில் எழும்பும். உங்கள் கணக்குச் சரிதான். ஆனால் அதைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருங்கள், கடைசியில் நானே வெளியே எடுக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். கீழே கிடக்கும் மரம்தானே என்று யாரும் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஆற்றோர ரிசர்வ் அரசாங்க நிலம். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு இருக்கிறது. நிரந்தர வனக் காப்பிலிருந்தோ மாநில நிலத்திலிருந்தோ லைசென்ஸ் இல்லாமல் வனப்பொருள் எடுக்கக் கூடாது. 1993-இல் அதைத் திருத்தி அபராதத்தை 5 லட்சம் வெள்ளி வரைக்கும் சிறையை 20 வருஷம் வரைக்கும் ஏற்றினார்கள்; 2022-இல் அபராதத்தை இன்னும் ஏற்றித் திருத்தினார்கள். விறகுக்கா இவ்வளவு என்று கேட்டால், அது மரம் திருடுகிற லோரிக்காரனுக்காகப் போட்ட சட்டம். ஆனால் பிரிவில் ‘லோரிக்காரனுக்கு மட்டும்’ என்று எழுதவில்லை. நான் கோலகங்சார் அரசாங்க அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். ஓடை வேலையை எடுத்திருக்கும் குத்தகைக்காரரிடமும் பேசினேன். வயதான சீன அங்கிள், நல்ல மனுஷன். “ஏழு நாள் தருகிறேன், அப்புறம் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிவிடுவேன்” என்றார். கையில் அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன்.

கோலகங்சார் போனதும் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பழைய பால் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1877-இல் இங்கே நட்ட ஒன்பது கன்றில் இன்னும் நிற்பது அது ஒன்றுதான். வேலி போட்டு, பலகை வைத்து, ராஜமரியாதை. அங்கே அதைக் கும்பிடாத குறையாக நின்றுவிட்டு, இங்கே வந்து அதன் சொந்தக்காரர்களைத் துண்டு போட்டேன். என்ன செய்வது.

இப்போது முதல் நாள். சனிக்கிழமை. இல்லை, வெள்ளி. வெள்ளிக்கிழமை மதியம் தொடங்கினேன், மழை வந்து நிறுத்தினேன். சனிக்கிழமைதான் ஒழுங்காக வெட்டினேன். முதல் மரம் வெண்ணெய். இரண்டாவது மரத்தில் நடு உயரத்தில் வைத்து அழுத்துகிறேன், கிர்ர்ர் என்று ஒரு சத்தம், வெட்டு வாயிலிருந்து தீப்பொறி. பாட்டி மாதிரி “ஐயோ சாமி” என்று கத்திவிட்டேன். வீடியோவில் அது இருக்கிறது, அண்ணன் மகன் அதை நீக்க மறுத்துவிட்டான்.

கோடாரியால் பிளந்து பார்த்தால் உள்ளே கம்பி! மங்கு தாங்குகிற கம்பி. பால் வெட்டியவர்களுக்கு இது புரியும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டி அதில்தான் மங்கு என்கிற கிண்ணத்தை உட்கார வைப்பார்கள், பால் அதில் வடியும். மரம் பெருக்கப் பெருக்கக் கம்பியை யாரும் தளர்த்தாமல் விட்டால் பட்டை அதை மூடிவிடும். இது மூன்று விரல் ஆழத்தில் இருந்தது. வெளியே ஒரு தழும்புகூட இல்லை. அதைச் சுற்றி மரம் மட்டும் கறுத்துப்போயிருந்தது, சொத்தைப் பல்லைச் சுற்றி ஈறு மாதிரி. இதோ, எடுத்து வைத்திருக்கிறேன். முனையில் இரண்டு முறுக்கு. முறுக்கிய ஆள் வலக்கைக்காரர், அதுவரைக்கும் என்னால் சொல்ல முடியும்.

சரி, செயின். செத்தது. ஒரு கடைக்குக் கொண்டு போனேன், பெயர் சொல்லமாட்டேன். கடைக்காரர் ஒரு விநாடி பார்த்துவிட்டு, “தீட்ட முடியாது அக்கா, புதுசு 85 வெள்ளி” என்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! கண்ணாடியைப் போடவில்லை! எண்பத்தைந்து! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே பற்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். 27-ஆ 28-ஆ என்று தெரியவில்லை, இரண்டு தடவை எண்ணி இரண்டு விடை வந்தது. ஆனால் உடைந்தது ஏழு பல்தான். மற்றதெல்லாம் மழுங்கல்.

அதே கடையில் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் 9 வெள்ளிக்கு வாங்கினேன். அவர் முகத்துக்கு எதிரே சில்லறையாக எண்ணி வைத்தேன், அதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம். வீட்டுக்கு வந்து, ரம்பத்தை ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் நெரித்து வைத்து, அரத்தை 30 டிகிரி சாய்வில் பிடித்துத் தள்ளினேன். முன்னே மட்டும்தான் தள்ள வேண்டும், பின்னே இழுத்தால் அரம்தான் தேயும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டுத் திரும்பி மறுபக்கம். உடைந்த ஏழையும் நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும் ராவி, அப்புறம் மீதியையும் அவற்றின் நீளத்துக்கே கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் ஒரு பக்கமாக இழுக்கும். அந்த வேலை முடிய இரண்டேகால் மணி நேரம். நடுவில் ரசம் பொங்கி வழிந்துவிட்டது. அதை நான் கேஸில்தான் வைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

மறுநாள் காலை ரம்பத்தை முடுக்கினேன். மழுங்கிய செயின் மாவு மாதிரி தூள் தள்ளும், கூரான செயின் தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் தள்ளும். எனக்கு வந்தது துருவல்! என் வீட்டுத் திருகுபலகைகூட இவ்வளவு அழகாகத் துருவியதில்லை. அதைக் கையில் அள்ளி அண்ணன் மகன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவன், “சரி அத்தை, வெட்டுங்கள் லா, மழை வருது” என்கிறான். ரசனை இல்லாத பிள்ளை.

ஒன்று விட்டுவிட்டேன். பெட்ரோலில் எண்ணெய் கலக்கிற கணக்கைப் போன தடவை ஒரு தங்கை கேட்டிருந்தார். 50-க்கு ஒன்று, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. என் ரம்பத்துக்கு அதுதான், உங்கள் ரம்பத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

தூக்கியது தனிக் கதை. ஒரு அடி விட்டம், மூன்று அடி நீளத்தில் ஈரக்கட்டை ஒன்று கிட்டத்தட்ட 60 கிலோ வரும். என் எடையைப் பற்றிப் பேச்சு வேண்டாம், ஆனால் நானும் கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் யார் யாரைத் தூக்குவது என்று சந்தேகம் வரும். அதனால் ஒரு அடித் துண்டாக அறுத்து, சேற்றில் பலகை போட்டு உருட்டினோம். எங்கள் வானெட் வண்டி முதல் தடவையே புதைந்தது. அங்கிளின் பேக்கோக்காரர் ஒரு விரலால் இழுப்பதுபோல் வெளியே எடுத்துவிட்டார். அவருக்கு வடையும் கோப்பியும். இரண்டு நடை போனோம்.

பால் மரத்தில் ஒரு நல்ல குணம், பச்சையிலேயே பிளக்கும், ஒரே போடு. கெட்ட குணம், வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்துப் பூச்சி ஏறும், மரத்தில் அவ்வளவு மாவுச்சத்து. அதனால் பிளந்த கையோடு தகரக் கூரைக்குக் கீழே, தரையில் படாமல், காற்று போகிற மாதிரி அடுக்கிவிட்டேன். பட்டை மேலே பார்க்க வேண்டும். இரண்டு மாதம் காய்ந்தால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். கோல செபெத்தாங் பக்கத்துப் பாக்காவ் கட்டை, அதுதான் சதுப்பு மரக் கட்டை, கிடைத்தால் எனக்குப் பால் மரமே வேண்டாம், அது எரிகிற தீ வேறு. ஆனால் மாத்தாங் சதுப்புக் காட்டில் முப்பது வருஷச் சுற்றில் வெட்டுகிறார்கள், அது கரிச்சூளைக்கே போய்விடுகிறது. செம்பனை மட்டையைச் சிலர் எரிக்கச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம். புகைதான் வரும், கண்ணும் போகும்.

சரி தம்பி, இப்போது உங்கள் கணக்கு. அந்த 85 வெள்ளியை நான் கொடுத்திருந்தால் மூன்று கேஸ் தோங் வாங்கியிருக்கலாம், 79 வெள்ளி 80 காசு. மிச்சம் 5 வெள்ளி 20 காசுக்கு இரண்டு தே தாரிக் டீ. ஆனால் நான் கொடுக்கவில்லையே! கொடுத்தது 9 வெள்ளி. அந்த 9 வெள்ளியில் கடைக்காரரின் முகத்தையும் சேர்த்து வாங்கினேன்.

ஏழு நாளில் இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஓடைக்கரையில் ஒரு பெரிய மரம் கிடக்கிறது, அதில் இரண்டு பட்டைத் தழும்பு தெரிகிறது. காந்தம் ஒன்று கொண்டு போய் ஒட்டிப் பார்க்கப் போகிறேன். மூன்று விரல் ஆழத்தில் இருக்கும் கம்பியைக் காந்தம் பிடிக்குமா என்று தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள், நாளைக் காலை ஏழு மணிக்குள்.