தூக்கி எறியும் செல்போனும் முதலீட்டாளரின் சந்தேகமும்

நண்பர்களே, வணக்கம். சின்ன கம்பெனிப் பங்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். அதனால் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1999-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ராண்டி ஆல்ட்சுல் என்பவர், தூக்கி எறியும் செல்போனுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பொம்மைகளும் விளையாட்டுகளும் உருவாக்குபவர். காரில் போகும்போது பேச்சு அறுந்து அறுந்து போக, போனை ஜன்னல் வழியே வீசிவிடலாமா என்று தோன்றியதாம். யோசனை அங்கே பிறந்தது. காகிதம் போன்ற மெல்லிய தகட்டில் மின்சாரம் பாயும் மையால் சர்க்யூட்டை அச்சடிப்பது, ஒரு மணி நேரம் பேசியதும் போட்டுவிடுவது. பத்திரிகைகள் கொண்டாடின. கடைகளில் அந்தப் போன் குவியவே இல்லை.

அடுத்து, கலிஃபோர்னியாவில் ஹாப்-ஆன் என்ற சின்ன நிறுவனம். திரை இல்லாத எளிய போன், 60 நிமிடப் பேச்சு, 40 டாலர் அளவில் விலை என்று அறிவித்தது. 2002-இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையாளர் ஒருவர், தன் கையில் கொடுக்கப்பட்ட மாதிரியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது நோக்கியா போனின் பாகங்கள் என்று எழுதினார்.

மாதிரிக்கு வேறொருவர் பாகத்தை வைப்பதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். செயல்விளக்கத்துக்கு அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் பணம் போடுகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, அடுத்தவர் திருகாணியைக் கழற்றித் தெரியவந்தால், பிறகு அந்தக் கம்பெனி சொல்லும் உண்மையையும் யார் நம்புவார்கள்?

சரி, பங்குதாரர் எதைப் பார்த்திருக்கலாம்? அமெரிக்காவில் செல்போன் போன்ற ரேடியோ அலை அனுப்பும் கருவிகள் விற்பனைக்கு வருமுன் எஃப்.சி.சி. என்ற தகவல்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அந்நாளைய செல்போனில் பேட்டரியைக் கழற்றினால் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் அந்த ஒப்புதலுக்கான எண் இருக்கும். அதை ஆணையத்தின் தளத்தில் போட்டுத் தேடலாம். பல சமயம் கருவியின் உட்புறப் படமே கிடைக்கும். காசு செலவில்லை. "போன் தயார்" என்று கம்பெனி சொல்லும்போது எண் எங்கே என்று கேட்டாலே பாதி பதில் வந்துவிடும்.

மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. நாற்பது டாலருக்குள் சிப், பேட்டரி, கூடு, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். சி.டி.எம்.ஏ. என்ற செல்போன் தொழில்நுட்ப முறை என்றால், அதன் காப்புரிமைகளை வைத்திருந்த குவால்காம் நிறுவனத்துக்கு உரிமத்தொகை. அதற்கும் மேல், அந்த அறுபது நிமிடத்தைச் சொந்தக் கோபுரம் இல்லாத கம்பெனி இன்னொரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியாக வேண்டும். அந்த ஒப்பந்தம் யாரோடு, நிமிடம் என்ன விலை? என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். அறிவிப்புகளில் இதற்கு விடை இல்லையென்றால் நான் ஒரு டாலரும் போட மாட்டேன்.

இன்னொன்று. பெரிய பங்குச்சந்தைகளில் பட்டியலிடப்படாத பங்குகள் கைமாறிய பிங்க் ஷீட்ஸ் என்ற சந்தையில் அப்போது பங்கு விற்க, பங்குச்சந்தை ஆணையத்திடம் முறையாகக் கணக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் பல கம்பெனிகளுக்கு இல்லை. கையில் கிடைப்பது பெரும்பாலும் கம்பெனியே எழுதிய செய்திக்குறிப்பு. அங்கே சந்தேகப்படுகிறவரைப் "பங்கைக் கவிழ்க்க வந்தவர்" என்று திட்டுவது சாதாரணம். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். சேமிப்பைப் போட்டவர் கணக்குக் கேட்பது அவர் உரிமை.

மலிவான போன் வேண்டும் என்ற தேவை மட்டும் நிஜம். அதை நிறைவேற்றியவர்கள் வேறு. அமெரிக்காவின் டிராக்ஃபோன் நிறுவனம் போன்றவர்கள் சாதாரண போனையே, முன்கூட்டிப் பணம் கட்டிப் பேசும் திட்டத்தோடு கடைகளில் விற்றார்கள். 2003-இல் வந்த நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள் கேட்டது தூக்கி எறியும் போனை அல்ல, காசு இருக்கும்போது நிரப்பிக்கொள்ளும் போனை.