பீரோ சாவி

(குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மாலைக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னார்கள்.)

தலைமை ஏற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மைக் செட்டும் நாற்காலியும் கொடுத்து உதவிய தோட்டத்து மேலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியைத் தாராளமாகச் செலவழித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கமிட்டிப் பெரியவர்களே, இந்தக் குளிரில் சுக்குக் காபி போட்டுக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, கடைசி வரிசையில் மப்ளரும் குல்லாவுமாக ஒளிந்து உட்கார்ந்திருக்கும் வாலிபர் சங்கத்துத் தம்பிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மேடை ஏறியதும் எனக்கு மூன்று பொன்னாடை போட்டார்கள். ஐசுவரியம் ஆபத்து என்று பேச வந்தவனுக்கு மூன்று சரிகைத் துண்டு! வேண்டாம் என்று சொல்லவில்லை, குனிந்து வாங்கிக்கொண்டேன். எங்கள் பாட்டி இருந்திருந்தால், "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று சொல்லியிருப்பார். பாட்டி எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொன்ன பழமொழி அது. இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் ஐயா தம் மீசையைத் தடவுகிறார். நான் அவரைச் சொல்லவில்லை.

மூன்று காரியம் சொல்லப்போகிறேன். ஒன்று, இயேசுவிடம் வந்து திரும்பிப்போன பணக்காரன். இரண்டு, விதைக்கிறவன் உவமையில் வரும் முள். மூன்று, சகேயு என்ற பணக்கார வரிவசூல்காரன்.

அந்தப் பணக்காரனை மத்தேயு வாலிபன் என்கிறார், லூக்கா தலைவன் என்கிறார். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் பெயரும் இல்லை, வயதும் இல்லை. ஆனால் மாற்கு மட்டும் ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்: அவன் ஓடிவந்து முழங்கால்படியிட்டான். ஊரில் பெரிய மனிதன் தெருவில் ஓடுவானா? நம் கடைவீதியில் எந்த முதலாளியாவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? இவன் ஓடிவந்தான் என்றால் தாகம் உண்மையான தாகம். கற்பனைகளை, அதாவது தேவனுடைய கட்டளைகளை, சிறுவயது முதல் கைக்கொண்டவன். இயேசுவும் அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. திட்டவில்லை, துரத்தவில்லை. "உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு" என்றார். எல்லாம் இருப்பவனைப் பார்த்து, உனக்கு ஒன்று குறைகிறது என்றார்! விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் அவன் மனமடிந்து, துக்கத்தோடே போய்விட்டான். வரும்போது ஓட்டம். போகும்போது எப்படிப் போயிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அவனுக்கு ஆண்டவரும் வேண்டும், ஆஸ்தியும் வேண்டும். கூழும் வேண்டும், மீசையிலும் ஒட்டக்கூடாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம்தான் வரும்.

கேத்திப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். உருளைக்கிழங்கு, கேரட் போடுவார். ஒரு வருஷம் மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்குக்கு அவரே எதிர்பார்க்காத விலை கிடைத்தது. மூட்டை இறக்கிய லாரி மலையேறி வந்தபோது அதில் ஒரு இரும்பு பீரோ வந்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படிக்கட்டு நிலங்கள் வழியாக இறங்க வேண்டும். நாலு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். பாதி வழியில் ஒருவர் வழுக்கி விழுந்தார். பெரியப்பா ஓடிப்போய் பீரோவைப் பிடித்தார். விழுந்தவரைப் பெரியம்மாதான் தூக்கினார்.

அன்றிலிருந்து சாவி அவர் அரைஞாண் கயிற்றில். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது அது வயிற்றில் குத்தும். குத்தும்போதெல்லாம், பூட்டினோமா என்று சந்தேகம் வரும். அதுவரை பாட்டுக்குக் கட்டையான குரலில் மூன்றாம் சுரம் சேர்த்துப் பாடியவர், அப்புறம் வாயை மட்டும் அசைத்தார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே போவார். "வயிறு சரியில்லை" என்பார். வயிறு சரியில்லைதான், அங்கேதானே சாவி இருந்தது!

டிசம்பர் 31, இரவு ஆராதனை. "வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நான் வரவில்லை" என்றார். பெரியம்மா கேட்ட கேள்வியை ஆயர் ஐயா முன்னால் சொல்ல முடியாது. வந்தார். மணி பதினொன்றே முக்கால். விளக்கை அணைத்து எல்லாரும் மௌனமாக ஜெபிக்கும் நேரம். சாவி குத்தியது. எழுந்தார். டார்ச் லைட்டோடு அந்த உறைபனியில் ஒன்றரை மைல் நடந்தார். வீட்டுக்கதவு பிளந்து கிடந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். திருடன்தான் என்று கல்லை எடுத்துக்கொண்டு, "எவன்டா அது!" என்று டார்ச்சை அடித்தார்.

கரடி.

நல்லெண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்து, தரையை நக்கிக்கொண்டிருந்தது. வெல்லப் பானை காலி. பெரியப்பா எப்படித் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் புத்தாண்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, ஒரு காலில் மட்டும் செருப்போடு உள்ளே வந்து பீடத்துக்கு முன்னால் விழுந்தார். மனந்திரும்பிவிட்டார் என்று நினைத்து அன்றைய ஆயர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிறகு, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்ற வசனம் அவருக்கு வந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். வரவில்லை. அவருக்கு வந்தது, "ஆசீர்வதிக்கவே ஆசீர்வதித்து, உன்னைப் பெருகப்பண்ணவே பெருகப்பண்ணுவேன்". அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கரடி பீரோவைத் தொடக்கூட இல்லை. அதற்கு எண்ணெய்தான் வேண்டியிருந்தது. உள்ளே எவ்வளவு பணம் இருந்தது என்று கேட்காதீர்கள். உருளைக்கிழங்குப் பணம் பீரோ வாங்கியதிலேயே பெரும்பகுதி போய்விட்டது.

சரி, முள்ளுக்கு வருகிறேன். முள்ளுக்குள் விழுந்த விதையை முள் வளர்ந்து நெருக்குகிறதுபோல, ஐசுவரியத்தின் மயக்கம் வசனத்தை நெருக்கிப்போடுகிறது என்று உவமையில் இருக்கிறது. இந்த மலையில் அதை விளக்க வேண்டியதே இல்லை, உண்ணிச்செடியைப் பார்த்தாலே போதும். வெளிநாட்டிலிருந்து அழகுக்கென்று கொண்டுவந்த செடி அது. பூ அழகுதான். இன்றைக்கு முதுமலைக் காட்டில் மானுக்குப் புல் விடாமல் படர்ந்து கிடக்கிறது. பிடுங்கினாலும் தளிர்க்கிறது. இதைப் பற்றி இன்னும் சொல்லலாம், ஆனால் ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கேத்தி என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. காசாமேஜர் என்று ஓய்வுபெற்ற வெள்ளைக்கார நீதிபதி. கேத்திப் பள்ளத்தாக்கில் வசதியான வீட்டில் இருந்தவர். 1846இல் சுவிட்சர்லாந்துப் பாசல் மிஷன்காரர்கள் இந்த மலைக்கு வர அவர் காரணமாக இருந்தார். 1849இல் இறந்தபோது சொத்தை மிஷனுக்கு வைத்துவிட்டுப் போனார். ஊட்டி ஸ்டீபன் கோயிலையும் பாருங்கள். 1830இல் பிரதிஷ்டை ஆனது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் மாளிகையிலிருந்து வந்தவை. ராஜா வீட்டு மரம் நமக்குக் கூரை ஆயிற்று. நம் வீட்டு மரம் யாருக்குக் கூரை?

இதைத்தான் நான் மூன்று வருஷமாக ஒவ்வொரு சபையிலும் கேட்டு, கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டி வரை பூட்டிய வீடுகளை எண்ணுங்கள். கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை. உள்ளே நாயும் இல்லை. சீசனுக்குப் பத்து நாள் ஆள் வரும், மற்ற நாளெல்லாம் வாட்ச்மேன் பின்கட்டில். அதே ஊட்டிக்கு கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், பந்தலூரிலிருந்து இன்னும் அதிகம், நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும். துணைக்கு வந்த அம்மா எங்கே படுப்பார்? அறை எடுக்கக் காசு இருந்தால் அவர் ஏன் அப்படி அலைகிறார்? ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகிற குளிரை நீங்கள் அறிவீர்கள். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனம் நம் வீடுகளில் பாதிச் சுவரில் தொங்குகிறது. அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறது. நான் வீட்டை விற்கச் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் சாவியைக் கொடுங்கள். ஒரு அறை, ஒரு கம்பளி, வெந்நீர். சபைக் கமிட்டி பொறுப்பு எடுக்கட்டும். ஜாமான் காணாமல் போகும் என்கிறீர்கள். போகலாம். பரலோகமும் வேண்டும், பார்வைக்கு வைத்த பீங்கானும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால், கூழுக்கும் ஆசை...

சொல்லுங்கள் தம்பிகளே. ஆம், மீசைக்கும் ஆசை!

நாளைக்கு ஏலம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கும் அண்ணன்மார் இங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கேளுங்கள், காணிக்கைதானே. கையோடு வாசல் மேசையில் இருக்கும் நோட்டிலும், வீட்டுச் சாவி தருகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

சகேயுவைப் பற்றிச் சொல்ல மணி அடித்துவிட்டார்கள். ஆஸ்தியில் பாதியைக் கொடுத்தவன், அவனுக்கு முழுக்கூட்டம் வேண்டும். அடுத்த முறை கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடுவீர்களா என்பது வேறு. இந்த மூன்று துண்டையும் செயலாளர் திரும்ப எடுத்துக்கொண்டு, பதிலுக்கு மூன்று கம்பளி கொடுத்தால் நன்றி.

நோட்டில் முதல் வரி ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பெரியப்பா போன பிறகு அந்தக் கேத்தி வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் வீட்டுக் கதை இது. போன வாரம்தான் கதவைத் திறந்து ஒட்டடை அடித்தோம். வீட்டுச் சாவி இதோ, மேசையில் வைக்கிறேன். பீரோ சாவி பெரியம்மாவிடம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.