முப்பதாயிரம் ரூபாவும் சம்பளச் சீட்டும்

(திருகோணமலையில் நடைபெற்ற பொதுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தொழிற்சங்க நண்பர்களே, வர்த்தக நிலைய உரிமையாளர்களே, உயர்தர வகுப்பு மாணவர்களே,

குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்துவதால் ஏற்படும் பொருளாதார விளைவுகளைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். சம்பளம் கொடுப்போரும் வாங்குவோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருக்கையில் இந்தப் பேச்சை எடுப்பது சற்றுச் சங்கடமானதுதான். வழக்கமாக இந்த விவாதம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: சம்பளம் ஏறினால் வேலைகள் குறையுமா, குறையாதா? எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை விளைவைத் தேட வேண்டிய முதல் இடம் வேலைகளின் எண்ணிக்கை அன்று. மாத முடிவில் கைக்கு வரும் சம்பளச் சீட்டே அந்த இடம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் சட்டம். பெருந்தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்காக 1927 இலேயே இலங்கையில் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்வாரியாகச் சபைகளை அமைத்துச் சம்பளத்தை நிர்ணயிக்க வழி செய்தது. நாடு முழுவதற்கும் பொதுவான அடிமட்டம் ஒன்று 2016 இல்தான் வந்தது: மாதம் 10,000 ரூபா, நாளொன்றுக்கு 400 ரூபா. அது 2021 இல் 12,500 ஆகவும் 2024 இல் 17,500 ஆகவும் திருத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டு படிகளை வைத்தது: அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000, நாட்சம்பளம் 1,200 ரூபா.

17,500 இலிருந்து 30,000 என்றால் எழுபது வீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது முழுக் கணக்கன்று. 2005 இலும் 2016 இலும் கொண்டுவரப்பட்ட வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவுகள் இரண்டும் சேர்ந்து 3,500 ரூபா, தனியார்துறை ஊழியருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட வேண்டியதாக இருந்தது. ஆகவே ஒப்பிட வேண்டிய தொடக்கத் தொகை 21,000. அதற்கும் மேலாக, 2021 இல் 12,500 என்று சட்டம் எழுதப்பட்ட பின்னர் நாட்டில் நடந்ததை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. 2021 நடுப்பகுதிக்கும் 2024 க்கும் இடையில் பொது விலைமட்டம் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. உயர்வு என்று நாம் அழைப்பதில் கணிசமான பகுதி, இழந்ததை மீட்பதுதான். உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஆள் ஒன்றுக்கு மாதம் 16,000 ரூபாவை ஒட்டி நிற்கும் நாட்டில், 30,000 ரூபா இரண்டு பேரைக்கூட அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தாது.

இனிப் பொருளியல் கோட்பாடு. பாடப்புத்தகம் சொல்வதை மாணவர்கள் அறிவார்கள்: விலையைச் சந்தை மட்டத்துக்கு மேலே நிறுத்தினால் கேள்வி, அதாவது வாங்க முன்வரும் அளவு, குறையும், உழைப்பின் விலையும் ஒரு விலையே. இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. ஐக்கிய அமெரிக்கா 1938 இல் மணித்தியாலத்துக்கு 25 சதம் என்று நிர்ணயித்தபோது, சம்பளம் மிகத் தாழ்ந்திருந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவின் தையல் வேலைத் தொழில் பலத்த அடி வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் அத்தீவுக்குக் குறைந்த வீதங்களை அனுமதிக்கச் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. மறுபுறம், நியூ ஜேர்சி மாநிலம் 1992 இல் 4.25 டொலரிலிருந்து 5.05 டொலருக்கு உயர்த்தியபோது, பொருளியலாளர்களான டேவிட் கார்ட், அலன் குரூகர் ஆகிய இருவரும் அங்குள்ள துரித உணவகங்களை உயர்வு நடைபெறாத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று கண்டார்கள். அந்த முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. கார்டுக்கு 2021 இல் நோபெல் பரிசு கிடைத்ததால் அது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சம்பளம் ஏறியும் வேலை குறையாமல் இருப்பது எப்படிச் சாத்தியம்? பிரித்தானியப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933 இல் வளர்த்தெடுத்த கருத்து இங்கே உதவுகிறது. ஓர் ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரோ ஒரு சிலரோதான் என்றால், தொழிலாளிக்குப் போக வேறு இடமில்லை. எனவே அவருடைய உழைப்பு ஈட்டித்தரும் பெறுமதியைவிடக் குறைவாகக் கொடுத்தும் அவரை வைத்திருக்க முடியும். அந்த இடைவெளிக்குள் சட்டம் சம்பளத்தை உயர்த்தினால் முதலாளியின் இலாபம் சுருங்கும், வேலை சுருங்காது. இதை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரையிலிருந்து நகருக்கு வேலைக்கு வருவதென்றால் பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்று வரவேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டிய ஒரு பெண்ணுக்கு, அந்தக் காலத்தில் உள்ளூரில் கிடைத்த சம்பளமே சம்பளம். பாலம் வந்ததும் அவர் தெரிவு செய்யக்கூடிய கடைகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் கடைசி பஸ்ஸின் நேரமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதும் இன்றைக்கும் அந்தத் தெரிவைச் சுருக்கிக்கொண்டேதான் இருக்கின்றன.

உயர்வுக்கான பணத்தை இறுதியில் யார் கொடுக்கிறார் என்பது அடுத்த கேள்வி. ஹங்கேரி 2001 அளவில் தன் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அதை ஆராய்ந்தவர்கள், சுமையில் ஏறக்குறைய முக்காற்பங்கு விலையேற்றமாக வாங்குவோர் மீதும், காற்பங்கு உரிமையாளர் மீதும் விழுந்ததாகவும், விலையை ஏற்ற முடியாத ஏற்றுமதித் துறைகளில்தான் வேலையிழப்பு கூடுதலாக இருந்ததாகவும் கண்டார்கள். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நகரில் உள்ள சிற்றுண்டிச்சாலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சம்பளம் ஏறுவதால், ஒருவர் ரொட்டியின் விலையைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள விடுதிகளுக்கு அந்த வசதி குறைவு. அவர்கள் போட்டியிடுவது பக்கத்து விடுதியோடு மட்டுமன்று, பாசிக்குடாவோடும் அறுகம்பையோடும், வெளிநாட்டுக் கடற்கரைகளோடுங்கூட. சீனன்குடாப் பக்கத்து மாவு ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை போல இயந்திர முதலீடு மிகுந்த இடங்களில் மொத்தச் செலவில் சம்பளத்தின் பங்கு சிறியது. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை.

இப்போது சம்பளச் சீட்டுக்கு வருகிறேன். ஒரு புடைவைக் கடையில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அடிப்படைச் சம்பளம் 21,000, வருகைக்கும் விற்பனைக்குமான ஊக்கத்தொகை 9,000, ஆக 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய எட்டு வீதப் பங்கு அடிப்படையில் மட்டும் கழிக்கப்படுவதால் 1,680 போக, கையில் 28,320 வரும். சட்டம் மாறியதும் கடைக்காரர் ஊக்கத்தொகையை நிறுத்தி அடிப்படையையே 30,000 ஆக்குகிறார். இப்போது கழிவு 2,400. கையில் வருவது 27,600. “சம்பளம் கூட்டியாச்சு எண்டு சொன்னாங்கள், எனக்கு எழுநூற்றி இருபது ரூபா குறைஞ்சிருக்கே” என்று அவர் கேட்டால் கணக்குப்படி அது சரிதான்.

ஆனால் அது பாதிக் கணக்கு. முதலாளி சேமலாப நிதிக்குப் பன்னிரண்டு வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்று வீதமும் கட்டவேண்டும். அது 3,150 இலிருந்து 4,500 ஆகிறது. மேலதிக நேரத்துக்கான ஒன்றரை மடங்கு இனிப் பெரிய அடிப்படையின் மீது கணக்கிடப்படும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாயின், வேலையை விட்டு விலகும்போது சேவைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. பத்தாண்டுச் சேவைக்கு 105,000 ஆக இருந்தது 150,000 ஆகும். கடைக்காரருடைய மாதச் செலவு 33,150 இலிருந்து 34,500 ஆக, நான்கு வீதமளவில் ஏறியிருக்கிறது. 21,000 இலிருந்து 30,000 என்று பார்த்தபோது நாற்பத்துமூன்று வீதமாகத் தெரிந்தது இந்தக் கடையில் நான்கு வீதம். அதுவும் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் முதுமைக்காக ஒதுக்கப்படும் பணம். இன்று அரிசி வாங்க வேண்டியவருக்கு அது ஆறுதல் தராது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஊக்கத்தொகை எதுவும் இன்றி 21,000 மட்டுமே கொடுத்துவந்த சிறிய மருந்துக் கடை, சலூன், சாப்பாட்டுக் கடை ஆகியவற்றில்தான் உயர்வு முழுதாக உறைக்கும். அங்கே ஒருவருக்கான செலவு 24,150 இலிருந்து 34,500 ஆகிறது. மூன்று பேரை வைத்திருந்தவர் இருவரோடு சமாளிக்கப் பார்ப்பார். அல்லது மாதச் சம்பளக்காரரை நாட்கூலிக்கு மாற்றுவார். நாளுக்கு 1,200 வீதம் மாதம் பதினைந்து நாள் கூப்பிட்டால் 18,000 ரூபாவோடு முடிந்துவிடும். சட்டத்தின் எழுத்து மீறப்படவுமில்லை. வேலையிழந்தோர் பட்டியலில் அந்த ஊழியரின் பெயர் ஒருபோதும் வராது. வேலை போனதா என்று மட்டும் கேட்கும் ஆய்வு எதைத் தவறவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. முதலாளிமாரைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடனுக்குச் சாமான் எடுத்துக் கடை நடத்துபவருக்கு மாதம் பத்தாயிரம் ரூபா சிறு தொகையன்று.

அடிமட்டம் தொடவே தொடாதவர்களும் இருக்கிறார்கள்; இம்மாவட்டத்தில் அவர்கள் சிறு கூட்டமல்ல. கரைவலை இழுப்பவருக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு போக மிஞ்சியதை ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். மீன் படாத நாளில் பிரிக்க எதுவும் இல்லை. தம்பலகாமத்தில் தன் வயலில் வரம்பு கட்டுபவர், சந்தையில் சொந்தமாக மரக்கறி விற்பவர், ஓட்டோ ஓட்டுபவர், எவருக்கும் இச்சட்டம் நேராகப் பொருந்துவதில்லை. மேசன் வேலைக்குப் போகும் ஆளின் நாட்கூலி 1,200 ரூபாவை எப்போதோ தாண்டிவிட்டது. அவருடைய குறை கூலியில் இல்லை, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதில். வறுமை ஒழிப்பின் பெயரால் இச்சட்டத்தை மெச்சுகிறவர்கள், இம்மாவட்டத்தின் வறியவர்களில் பலர் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, உயர்த்தும் முறை பற்றி. பிரித்தானியாவில் 1999 இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது முதல், முதலாளிமார், தொழிற்சங்கத்தினர், கல்விமான்கள் கொண்ட ஆணைக்குழு ஒன்று அரசுக்குப் பரிந்துரை செய்து வருகிறது. அங்கே சிறிய உயர்வுகள் ஆண்டுதோறும் வருவது வழமையாகிவிட்டது. இங்கே முதல் ஐந்தாண்டுகள் ஒரு சதமும் ஏறவில்லை. பின்பு பெரும் பாய்ச்சல்கள். ஐந்தாண்டு உறங்கிவிட்டு ஒரேயடியாக ஏறும் சம்பளம், உறங்கும் காலத்தில் தொழிலாளியையும் ஏறும் காலத்தில் சிறு முதலாளியையும் வருத்துகிறது. 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 30,000 க்கு அப்பால் அடுத்த படி எழுதப்படவில்லை. மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கும் ஐந்து வீதப் பணவீக்கமே நிலவினாலும், அந்த 30,000 ரூபாவின் கொள்வனவுச் சக்தி மூன்றே ஆண்டுகளில் இன்றைய 26,000 ரூபாவுக்கும் கீழே, அதாவது 2025 ஏப்ரலில் தொடங்கிய 27,000 ரூபாவைவிடத் தாழ்ந்த நிலைக்கு வந்துவிடும். தொழிற்சங்க நண்பர்கள் அடுத்த தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஆண்டுதோறும் மீளாய்வு செய்யும் ஏற்பாடு ஒன்றைக் கேட்க வேண்டும். வர்த்தகர்களும் அந்தக் கோரிக்கையில் கையொப்பமிடலாம், ஏனெனில் அடுத்த ஆண்டின் செலவை இந்த ஆண்டே கணக்கிட்டுக்கொள்ள முடிவது அவர்களுக்கும் இலாபமே.