வண்டி வர்ற நேரம்

பெரியோர்களே, கூடப் படித்த நண்பர்களே, வணக்கம்.

தரங்கம்பாடியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த அவையில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப வருஷம் கழித்துப் போன மாதம் போயிருந்தேன். 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய அதே நுழைவாயில். உள்ளே ராஜ வீதிதான் அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பையன்களாக இருந்தபோது அங்கே சுவருக்குச் சுவர் அரசங்கன்று முளைத்திருக்கும். பெரிய பெரிய தூண்களில் ஆடு கட்டியிருக்கும். இப்போது வெள்ளைச் சுவர், மரச் சன்னல், தங்கும் விடுதி. சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகளைச் செப்பனிட்டபோது சிமெண்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். நல்ல காரியம். கடற்கரை ஈரத்தைச் சிமெண்ட் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், செங்கல் உளுத்துப்போகும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும்.

இந்த வீடுகள் இத்தனை நாள் எப்படித் தப்பின? யாரும் காப்பாற்றவில்லை ஐயா. இடித்துக் கட்ட ஊரில் காசு இல்லை, அவ்வளவுதான்! 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார், கோட்டை எழுந்தது. 1845-இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன் வாங்கினான். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. சரக்கெல்லாம் அங்கே போயிற்று. தரங்கம்பாடியை எல்லாரும் மறந்தார்கள். மறந்ததால் மிஞ்சியது.

கடல் மட்டும் மறக்கவில்லை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 2004 டிசம்பர் 26 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வருகிறவர்கள் கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் சின்ன வருத்தம். தமிழில் புத்தகம் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர் இது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாரில் காகிதமும் செய்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பேர். அந்தப் பேரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக மீட்டர்கேஜ் வண்டி ஒன்று வரும். 1926-இல் போட்ட பாதை. வருமானம் இல்லை என்று 1986-இல் நிறுத்தினார்கள். நான் காலேஜுக்குப் போனது அதில்தான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் மாலையும் கழுத்துமாக ஏறும். உட்கார இடம் கிடைக்காது, பலகாரம் கிடைக்கும். இப்போது ஊரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள், அந்த வண்டி மட்டும் இல்லை. கோட்டைக்கும் வீடுகளுக்கும் புதுச் சுண்ணாம்பு கிடைத்தது. தண்டவாளத்தைக் கேட்க நாதியில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எண்பது வயசு தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. உள்ளே இருந்த பேத்திக்குக் குரல் கொடுத்தாள்:

"வண்டி வர்ற நேரமாச்சு பாரு, விளக்கேத்துடீ."

பேத்தி, எந்த வண்டி என்று கேட்கவில்லை. எழுந்து போய் விளக்கேற்றினாள்.