வாசகர்கள் திருத்திய செவ்வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

1926-இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் நியூயார்க்கில் அறிவியல் புனைகதைகளுக்கென்றே ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். அவர் வானொலி நிலையம் ஒன்றையும் நடத்தியவர் என்பதை இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நினைவுகூர்வதில் எனக்கு மகிழ்ச்சி. வாசகர் கடிதங்களை அவர் முழு முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவர்களிடமிருந்தே அமெரிக்காவின் ரசிகர் வட்டங்கள் கிளைத்தன. ஆகவே, வலைப்பதிவு வந்தபோது இத்துறை எழுத்தாளர்கள் தயங்காமல் அதைக் கைக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. ஜான் ஸ்கால்சி 2002 டிசம்பரில் தம் வலைப்பதிவில் தொடராக வெளியிட்ட நாவலைப் படித்த டோர் பதிப்பக ஆசிரியர், தாமே முன்வந்து அதைக் கேட்டு வாங்கினார்.

இவர்களுள் நான் பெரிதும் மதிப்பது ஆண்டி வெயரை. கணினி நிரலரான அவர், ‘தி மார்ஷியன்’ நாவலை 2009 முதல் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். செவ்வாயில் தனித்து விடப்பட்ட தாவரவியலாளன் உருளைக்கிழங்கு பயிரிட நீர் வேண்டும். அவன் ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினை இரிடியம் என்னும் உலோகத்தின் மீது சிறிது சிறிதாக விட்டு, பிரிந்து வரும் ஹைட்ரஜனை எரித்து நீராக்குகிறான். கணக்கு பிசகினால் அவன் உயிர் போய்விடும் என்று நாம் நம்பினால்தான் இக்கதை நிற்கும். வேதியியல் அறிந்த வாசகர்கள் பிழை கண்ட இடங்களை அவருக்கு எழுதினார்கள், அவரும் திருத்தினார். அச்சேறிய நூலின் பிழை அடுத்த பதிப்புவரை காத்துக்கிடக்கும்; இங்கோ கதை வளரும்போதே சரிபார்க்கப்பட்டது. விளம்பரத்தைவிட இதுவே இணையம் இவ்வகை எழுத்துக்குச் செய்த பெரிய உதவி என்பேன்.

ஆயினும், வாசகர் சொன்னதற்கெல்லாம் எழுத்தாளர் பணிந்துவிடவில்லை. செவ்வாயின் காற்றழுத்தம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், கதையின் தொடக்கத்தில் விண்கலத்தைச் சாய்க்கப் பார்க்கும் புயல் அங்கே நடவாத ஒன்று. முதல் அடியை இயற்கையே கொடுக்க வேண்டும் என்பதற்காக, அது தெரிந்தே வைத்ததாக வெயர் சொல்லியிருக்கிறார்.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிக்க வசதியாக இருக்கும் என்று வாசகர்கள் கேட்டதால், 2011-இல் அங்கே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு நாவலை வைத்தார். அவருடைய தளத்தில் அப்போதும் அது இலவசமாகவே கிடைத்தது. அங்கே தரவிறக்கியவர்களைவிட, காசு கொடுத்து வாங்கியவர்களே மிகுதி.